பதினெட்டு மணி நேரத் தொட்டி

தேர்வுத் துறை அலுவலகத்தின் மாடியறையில் தொங்கிய அந்த மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் ஒரு யானை குட்டி போட்டு, அந்தக் குட்டிக்கும் தந்தம் முளைத்துவிடும். அதன் கீழே உட்கார்ந்திருந்த விசாரணை அதிகாரிக்கு வேர்வை பெருக்கெடுத்து, மேசைமேல் இருந்த கோப்புகள் எல்லாம் படகாக மிதந்து போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"உங்க அண்ணி ஒரு திருடி" என்றார் எடுத்த எடுப்பில்.

ஊசி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "வாங்க, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டுட்டு அதைச் சொல்லியிருக்கலாமே சார்?"

ஊசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. துப்பறியும் வேலைக்கு வருமுன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அதையே வாயால் போடுகிறாள். ஆனால் இன்று அவள் வாய்தான் துடுக்காக இருந்ததே தவிர, காலைக் காபிகூட இறங்கவில்லை. சொந்த அண்ணன் மனைவி, கணக்கு டீச்சர், கேள்வித்தாள் திருட்டு. இந்த மூன்றையும் ஒரே வரியில் கேட்டால் யாருக்குத்தான் இறங்கும்?

பக்கத்தில் அவளுடைய முதலாளி உட்கார்ந்திருந்தார். ஊரில் அவரைக் கொட்டாவியார் என்பார்கள். பொய் பக்கத்தில் வந்தால் மற்ற துப்பறிவாளர்களுக்குப் புருவம் துடிக்கும், மீசை விறைக்கும். இவருக்கு வாய் பிளக்கும். ஒருமுறை நகைக்கடைத் திருடனை விசாரிக்கும்போது இவர் விட்ட கொட்டாவியைப் பார்த்து, எதிரே இருந்த இரண்டு போலீஸ்காரர்கள் நின்றபடியே தூங்கிவிட்டார்கள்.

"விஷயத்துக்கு வருவோம்" என்றார் அதிகாரி. "மாநிலத் தேர்வு, கணக்குப் பாடம். இந்தக் கேள்விக்கு அஞ்சு மார்க். இதுவரைக்கும் திருத்தின விடைத்தாள்ல பெரும்பாலும் முட்டைதான். சில பேர் தொடவே இல்ல. சில பேர் பாதியில விட்டுட்டாங்க. மத்தவங்க ஏதேதோ உளறி வச்சிருக்காங்க. ஆனா உங்க அண்ணி வகுப்பு மட்டும், முதல் பெஞ்சுலேர்ந்து கடைசி பெஞ்சு வரைக்கும் ஒரே விடை. பதினெட்டு மணி நேரம்."

"சரியான விடை என்ன?" என்று கேட்டார் கொட்டாவியார்.

"அதேதான். பதினெட்டு. விடைக்குறிப்பு தயார் பண்ணினதே நான்தான். விடைத்தாள் திருத்தறவங்களுக்கு வேதமே அந்தத் தாள்தான். என் கையால எழுதி, கவர்ல போட்டு, அரக்கு முத்திரை வச்சேன். எனக்கும் அந்தக் கவருக்கும் தவிர வேற யாருக்கும் தெரியாது."

"கவரைத் தனியாக் கூப்பிட்டு விசாரிச்சீங்களா சார்?" என்றாள் ஊசி.

அதிகாரி அவளைப் பார்த்த பார்வையில் அந்த அறையின் பல்லி ஒன்று சுவரிலிருந்து நழுவியது.

"சாயங்காலம் என் அறிக்கை மேலே போயிடும். உங்க அண்ணிக்கு வேலை போகும், அப்புறம் போலீஸ். வகுப்பு மொத்தத்துக்கும் தேர்வு ரத்து. ஒரு பிள்ளையும் மேல்பள்ளிக்குப் போகாது. அப்ப இப்படி சிரிங்க, பார்க்கலாம்."

ஊசி சிரிக்கவில்லை. முதலாளி கேள்வித்தாளை வாங்கி மடியில் விரித்தார். அவர் படிக்கிற அழகே தனி. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, உதட்டை அசைத்து, சிலேட்டுப் பிள்ளை மாதிரி படிப்பார். அவர் ஒரு பஸ்ஸின் பலகையைப் படித்து முடிப்பதற்குள் அந்த பஸ் பணிமனைக்குப் போய், பழுதாகி, ஏலத்துக்கும் வந்துவிடும்.

அவர் வேகம் தன் பொறுமையைச் சோதிக்கவே, ஊசி எட்டிப் பார்த்து அதைச் சத்தமாகவே படித்துக் காட்டினாள்.

"ஒரு தொட்டியை ஒரு குழாய் ஒன்பது மணி நேரத்தில் நிரப்பும். மற்றொரு குழாய் நிறைந்த தொட்டியை ஆறு மணி நேரத்தில் காலி செய்யும். காலியான தொட்டியில் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால், தொட்டி எத்தனை மணி நேரத்தில் நிரம்பும்? படிச்சாச்சு பாஸ். கிளம்பலாமா?"

அவர் விரல் இன்னும் இரண்டாவது வாக்கியத்தில்தான் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக, குகை திறப்பதுபோல, அவர் வாய் திறந்தது.

கொட்டாவி!

ஊசி நாற்காலி நுனிக்கு வந்தாள். ஆனால் யார் பொய் சொல்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை.

* * *

பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் அண்ணி தனியாக ஒரு மூலையில் இருந்தாள். மற்ற ஆசிரியர்கள் தங்கள் நாற்காலிகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, திருட்டு என்பது தும்மலில் பரவும் வியாதி என்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியின் புடவைத் தலைப்பெல்லாம் சாக்பீஸ் தூள். டிபன் பாக்ஸ் திறக்காமலே கிடந்தது.

"வந்துட்டியா நாத்தனாரே? பூதக்கண்ணாடி எங்க?"

"உங்க மேல இருக்கற தூளைப் பார்க்க அது எதுக்கு அண்ணி? ஒரு மூட்டை சுண்ணாம்பு தேறும். வெறுங்கண்ணே போதும்."

அண்ணி சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை. அண்ணன் வேலை பார்த்த ஆலையை மூடியதிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவளுடைய சாக்பீஸால்தான். அது ஊசிக்கும் தெரியும்.

"உங்க அண்ணன் கிட்ட இன்னும் சொல்லலடி. தலைவலின்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள் அண்ணி தாழ்ந்த குரலில். "நான் எதையும் திருடல. எல்லாமே தலகாணிலேர்ந்து சொல்லிக் கொடுத்ததுதான்."

"தலகாணியா?" என்றார் கொட்டாவியார், ஆர்வமாக. தூக்கம் சம்பந்தப்பட்ட எதுவும் அவருக்குப் பிடிக்கும்.

அண்ணி மேசைக்குக் கீழே குனிந்து இரண்டு கையாலும் தூக்கி வைத்தாள். மேசை முனகியது. அதுதான் அவளுடைய வினா வங்கி. மாநிலத் தேர்வில் என்றைக்கோ கேட்ட கேள்விகள் முதல் போன வருஷக் கேள்விகள் வரை அத்தனையும் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டிருந்தாள். கட்டில் கால் உடைந்தால் முட்டுக் கொடுக்கலாம். திருடன் வந்தால் தலையில் போடலாம்; என்ன, திருட்டு வழக்கு கொலை வழக்காகிவிடும்.

"துறை போட்ட வினா வங்கில பழைய கேள்வியெல்லாம் வெட்டிட்டாங்க சார். நான் விடல. மத்த பள்ளிக்கூடத்துல யார்கிட்டயும் இவ்வளவு பழசு இருக்காது. எதிலேர்ந்து வேணும்னாலும் கேட்பாங்களே?"

"இத்தனையும் எப்படிம்மா சொல்லிக் கொடுப்பீங்க?"

"காலைக் கச்சேரின்னு ஒண்ணு வச்சிருக்கேன். முதல் மணி அதுக்குத்தான். முழுக் கேள்வியும் படிச்சா நேரம் பத்தாது. அதனால முதல் ரெண்டு வார்த்தையை நான் சொல்வேன். விடையை அவங்க சொல்வாங்க. தடதடன்னு போகும், ரயிலு மாதிரி." அண்ணியின் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்து, வந்த வழியே போனது. "தப்புன்னு நினைக்காதீங்க. இங்க தேர்ச்சி குறைஞ்சா தலைமையாசிரியர் கூட்டத்துல பேரைச் சொல்லி எழுந்து நிக்க வைப்பார். பிள்ளைங்கள இல்ல. எங்கள."

"தேர்வன்னிக்குக் கேள்வித்தாளைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம? வாசல்லயே ஒரு பிள்ளை கையிலேர்ந்து பிடுங்கிப் பார்த்தேன். தொட்டிக் கணக்கு வந்திருக்கு! பதினெட்டு! பிள்ளைங்க என்னைத் தோள்ல தூக்காத குறை."

சொல்லும்போதே அவள் விரல்கள் தலகாணிக்குள் புகுந்து, பார்க்காமலே பக்கத்தைத் திறந்தன. பழுப்புத் தாள். 'ஒரு தொட்டியை' என்று தொடங்கியது கணக்கு. விளிம்பில் சிவப்பு மையில் 18.

ஊசி துள்ளி எழுந்தாள். "முடிஞ்சுது! திருட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. பழைய கேள்வியையே திரும்பக் கேட்டிருக்காங்க. அண்ணி, டிபன் பாக்ஸைத் திறங்க. பாஸ், இந்தத் தலகாணியைத் தூக்கிட்டுப் போய் அந்த ஆள் மேசையில போடுவோம். மேசை உடைஞ்சா நான் பொறுப்பு!"

பழுப்புத் தாளில் கொட்டாவியாரின் விரல் ஊர்ந்துகொண்டிருந்தது. முதல் வாக்கியம். இரண்டாவது வாக்கியம். பிறகு திரும்ப முதல் வாக்கியம்.

இந்த முறை வந்த கொட்டாவி முன்னதற்கு அண்ணன். தள்ளிப் போய் உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள்கூட வரிசையாகக் கொட்டாவி விட்டார்கள்.

"வகுப்பைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றார் அவர்.

* * *

வகுப்பு எழுந்து நின்றது, வணக்கம் சொன்னது, உட்கார்ந்தது. எல்லாம் ஒரே ஓசையில். யாரோ ஒரு விசையைத் தட்டியதுபோல இருந்தது.

கொட்டாவியார் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார். "ஒரு தொட்டியை..."

"பதினெட்டு!"

கூரை ஓட்டில் இருந்த காக்கைகள் பக்கத்து ஊருக்கே பறந்திருக்கும். ஊசி காதைத் தேய்த்துக்கொண்டு சிரித்தாள். "அடேயப்பா! தமுக்குக்கு வேலையில்ல."

"ஒரு வியாபாரி..."

"நஷ்டம் அஞ்சு சதவீதம்!"

"ஒரு ரயில்..."

"நாப்பத்தஞ்சு வினாடி!"

ஊசி இன்னும் சிரித்தாள். கொட்டாவியார் சிரிக்காமல் அடுத்ததைக் கேட்டார். "ஒரு தொட்டியை யாரோ நேத்தே உடைச்சுட்டாங்க."

"பதினெட்டு!"

"ஒரு தொட்டியை மாடு முட்டிடுச்சு. அந்த மாட்டுக்கு எத்தனை கால்?"

"பதினெட்டு!"

ஊசியின் சிரிப்பு பாதியில் அறுந்தது. பிள்ளைகள் விளையாடவில்லை. ஒருவர் முகத்திலும் குறும்பு இல்லை. கண்கள் எல்லாம் பளபளவென்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தன, அடுத்த இரண்டு வார்த்தைக்காக.

மாட்டுக்குப் பதினெட்டுக் கால் கொடுக்காதவள் ஒருத்தி மட்டும் இருந்தாள். ஓரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ ஜன்னல்" என்றாள் அண்ணி மெல்ல. "எப்பப் பார்த்தாலும் வெளியதான் பார்த்துட்டிருப்பா. அப்படித்தான் கூப்பிடுறது. கச்சேரில எப்பவும் ஒரு தாளம் பிந்தித்தான் வருவா. திட்டித் திட்டி எனக்குத் தொண்டை போனதுதான் மிச்சம்."

அண்ணியின் முகம் வெளுத்திருந்தது, சாக்பீஸ் தூளால் அல்ல.

* * *

அண்ணியையும் அழைத்துக்கொண்டு தேர்வுத் துறைக்குத் திரும்பினார்கள். அதிகாரியின் மேசை உடையவில்லை. ஆனால் தலகாணி விழுந்த சத்தத்தில் மின்விசிறி பயந்துபோய் இரண்டு சுற்று வேகமாகச் சுற்றியது.

"ஒரு தொட்டியை..." என்று பழுப்புத் தாளின் முதல் வரியைப் படித்தார் அதிகாரி. விளிம்பில் இருந்த சிவப்பு எண்ணைப் பார்த்தார். மூடினார். "சரி, பழைய கேள்வி. அதனால? இத்தனை கணக்குல இதை மட்டும் எப்படிக் குறி வச்சு எடுத்தாங்க? யாரோ உள்ளேயிருந்து சொல்லியிருக்கணும்."

"இதை மட்டும் எடுக்கல சார். எல்லாத்தையுமே எடுத்திருக்காங்க. அதுதான் சங்கடம்" என்றார் கொட்டாவியார். "உங்க அறையில தண்ணி வருதா?"

மூலையில் கை கழுவும் தொட்டி ஒன்று இருந்தது. சங்கிலியில் கட்டிய ரப்பர் அடைப்பும் இருந்தது. கொட்டாவியார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய், குழாயைக் கொஞ்சமாகத் திறந்தார். பிறகு அடைப்பைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். தண்ணீர் மேலே இருந்து நூலாக விழுந்தது. கீழே கொப்பளித்துக்கொண்டு ஓடியது.

"உட்காருவோம்" என்றார்.

"எதுக்கு?" என்றார் அதிகாரி.

"நிரம்பட்டுமே."

ஊசி, அதிகாரி, அண்ணி மூன்று பேரும் அந்தத் தொட்டியையே பார்த்தார்கள். ஒரு கொசு வந்து அதிகாரியின் மூக்கில் உட்கார்ந்து, சாப்பிட்டு, கைகழுவவும் அதே தொட்டிக்குப் போனது.

"என்னய்யா விளையாட்டு இது?" அதிகாரி வெடித்தார். "அடைப்பைப் பிடுங்கிட்டீங்க. வர்றதைவிடப் போறது அதிகம். எப்படி நிரம்பும்? பதினெட்டு வருஷம் ஆனாலும் நிரம்பாது!"

"இதையேதான் சார் உங்க கேள்வித்தாளும் கேட்குது."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

கொட்டாவியார் கேள்வித்தாளை விரித்து, விரல் வைத்தார். "மெதுவாப் பாருங்க. உள்ளே வர்ற குழாய்க்கு ஒன்பது மணி நேரம். வெளியே போற குழாய்க்கு ஆறே மணி நேரம். வர்றது நிதானம், போறது வேகம். இந்தத் தலகாணியில இருக்கறது தலைகீழ். அங்கே ஆறுல நிரம்பி ஒன்பதுல காலியாகும். அதுக்குப் பதினெட்டு சரி. இதுக்கு..."

"நிரம்பாது" என்றாள் அண்ணி. அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

ஊசி வாயைப் பொத்திக்கொண்டாள். காலையில் இந்தக் கேள்வியைச் சத்தம் போட்டுப் படித்தவளே அவள்தான். ஒவ்வொரு எழுத்தையும் உச்சரித்தாள். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

"திருடின சாவி சரியான பூட்டைத்தானே திறக்கணும்?" என்று கொட்டாவியார் அதிகாரியைப் பார்த்தார். "இவங்க வகுப்பு எழுதின விடை தப்பு. உங்க விடைக்குறிப்பும் தப்பு. ரெண்டும் ஒரே தப்பு. இவங்க உங்ககிட்டேர்ந்து எடுக்கல. ரெண்டு பேரும் ஒரே இடத்திலேர்ந்து எடுத்திருக்கீங்க. நீங்க முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

அதிகாரி எழுந்து போய் ஓடுகிற தண்ணீரில் கையை நீட்டிப் பார்த்தார். "கணக்கு வாத்தியார். நானும் இந்தக் கணக்கை... கச்சேரின்னு பேர் வைக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்." பிறகு ஈரக் கையாலேயே தொலைபேசியை எடுத்து, கேள்வி தயாரித்தவரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்துக் கிழக்குரல் அறை முழுக்கக் கேட்டது.

"தப்பா? வேணும்னுதான் மாத்தினேன் தம்பி! பழசையே கேட்டுக் கேட்டு எனக்கே புளிச்சுப்போச்சு. யாராவது கேள்வியைப் படிக்கிறாங்களான்னு பார்க்கத்தான் ரெண்டு எண்ணையும் இடம் மாத்தினேன். நிரம்பாதுன்னு எத்தனை பேர் எழுதியிருக்காங்க?"

"நிறைய பேர் சார்."

"சபாஷ்! அவங்களுக்கெல்லாம் எவ்வளவு மார்க் போட்டீங்க?"

அதிகாரி தொலைபேசியை வைத்துவிட்டார். காலையில் அவர் உளறல் என்று சொன்னது எதுவென்று ஊசிக்கு இப்போது புரிந்தது. எழுந்து போய்க் குழாயை மூடினாள். அந்தச் சத்தம் தாங்கவில்லை.

அதிகாரி கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் திடீரென்று சர்க்கரைப் பாகாகிவிட்டது.

"பாருங்கம்மா. திருட்டு நடக்கல. அதை நான் எழுதித் தர்றேன். வழக்கு இல்ல, போலீஸ் இல்ல. உங்க வேலை உங்களுக்கு. விடைக்குறிப்பு பாட்டுக்கு இருக்கட்டும். உங்க பிள்ளைங்களுக்கு அஞ்சு மார்க்கும் கிடைக்கும், எல்லாரும் மேல்பள்ளிக்குப் போவாங்க. இந்த அறையை விட்டு விஷயம் வெளிய போகலன்னா யாருக்கும் நஷ்டம் இல்ல."

"சரியா எழுதினவங்களுக்கு?" என்றார் கொட்டாவியார்.

"அவங்களுக்கு அது தெரியவா போகுது?"

கொட்டாவியாருக்குக் கொட்டாவி வரவில்லை; அதிகாரி சொன்னதில் பொய்யே இல்லை. அதுதான் பயங்கரம்.

ஊசி அண்ணியின் கையைப் பிடித்தாள். "ஒத்துக்கோங்க அண்ணி." அவள் வாயிலிருந்து வந்த முதல் கூர்மையில்லாத பேச்சு அது. "வீட்டை நினைச்சுப் பாருங்க. அண்ணன் ஏற்கெனவே சாப்பிடும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கறதில்ல. உங்க பிள்ளைங்களும் பாவம்தானே? அவங்க என்ன தப்பு செஞ்சாங்க?"

அண்ணி மேசையில் இருந்த தன் வகுப்பு விடைத்தாள் கட்டை இழுத்தாள். தாளில் பெயர் கிடையாது, எண்கள்தான். ஆனால் வருஷம் முழுக்கத் திருத்தியவளுக்குக் கையெழுத்தைப் பார்த்தால் முகம் தெரியாதா? ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பதினெட்டு. பதினெட்டு. பதினெட்டு. ஒருவரும் ஒரு வரி கணக்குப் போட்டிருக்கவில்லை.

ஒரு தாளில் அவள் கை நின்றது.

அதில் மட்டும் கணக்கு இருந்தது. ஒரு குட்டித் தொட்டிப் படம். மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். பக்கத்தில் கோணல் எழுத்தில், 'வருவதைவிட வெளியே போவது அதிகம். ஆகையால் தொட்டி நிரம்பவே நிரம்பாது.' அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. கிறுக்கல் அல்ல, ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்க்கோடு. கீழே, 18.

"தப்பை அசிங்கமா அடிக்கக் கூடாது, ஸ்கேல் வச்சு ஒரே கோடு போடணும்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றாள் அண்ணி. "சுத்தமாப் போட்டிருக்கா பாருங்க. ஜன்னல்."

"திருட்டு விடை கையில இருந்தா அந்தப் பொண்ணு எதுக்குப் படம் போட்டு யோசிக்கப் போறா?" என்றார் கொட்டாவியார் மெதுவாக. "உங்க பேரைக் காப்பாத்த இந்த ஒரு தாள் போதும்மா. வேற எதுக்கும் நீங்க கட்டுப்பட வேண்டியதில்ல."

அண்ணி அதிகாரியிடம் திரும்பினாள். "விடைக்குறிப்பை மாத்தினா இவளுக்கு மார்க் உண்டா?"

"அடிச்ச விடைக்கு மார்க் கிடையாது. விதி."

"எனக்கு?"

"ஏன் வகுப்பே தப்பா எழுதிச்சுன்னு கேட்பாங்க. நீங்க சொல்லிக் கொடுத்த விதத்தைச் சொல்லணும். சும்மா விடமாட்டாங்கம்மா. நம்ம ரெண்டு பேரையும்தான்."

அண்ணி அந்தத் தாளை மட்டும் எடுத்து, மற்றவற்றின்மேல், எல்லார் கண்ணிலும் படுகிறமாதிரி வைத்தாள்.

"மாத்துங்க சார். நான் சொல்லிடுறேன்."

"அண்ணி!"

"நீ ஊசி போட்டவதானேடி? வலிக்கும்னு பார்த்தா போட்டிருப்பியா?"

ஊசி போய், அதிகாரி சாத்திய கதவை மறுபேச்சில்லாமல் திறந்துவிட்டாள். அவள் சரித்திரத்தில் அது எழுதி வைக்க வேண்டிய நாள்.

* * *

கடைசி மணிக்கு முன்னால் அண்ணி வகுப்புக்குள் நுழைந்தபோது கையில் தலகாணி இல்லை. அதிகாரியின் மேசைமேலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். ஊசியும் கொட்டாவியாரும் வாசல் ஓரத்தில் நின்றார்கள். அதிகாரி தன் அறிக்கையைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதிக்கொண்டிருந்தார். நாளைக்கோ மறுநாளோ மேலிடத்து உத்தரவு வரும். வரும்வரை இது அவளுடைய வகுப்பு.

"ஒரு தொட்டியை..." என்றாள்.

"பதினெட்டு!"

அண்ணி நிற்கவில்லை. தேர்வில் வந்த கேள்வியை, ஒன்பது மணிக் குழாயும் ஆறு மணிக் குழாயுமாக, கடைசி எழுத்துவரை நிதானமாகச் சொன்னாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கேள்வி இவ்வளவு நீளம் போகும் என்று அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நிற்பவர்கள் முகம் மாதிரி இருந்தது எல்லார் முகமும்.

"ஜன்னல், நீ சொல்லு."

அந்தப் பெண் எழுந்தாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நிரம்பாது டீச்சர்."

"பின்ன ஏன் கோடு போட்டே?"

"நீங்க பதினெட்டுன்னீங்களே டீச்சர். நான் போட்டதுதான் தப்பா இருக்கும்னு..."

அண்ணி சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழிக்க ஒன்றுமில்லாத பலகையை ரொம்ப நேரம் அழித்தாள். திரும்பியபோது புடவைத் தலைப்பில் புதிதாகத் தூள் இருந்தது. சாக்பீஸை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். "வா. வந்து எல்லாருக்கும் போட்டுக் காட்டு."

ஜன்னல் தொட்டி வரைந்தாள், இரண்டு குழாய் வரைந்தாள், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தது. முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கை தூக்கினான். அந்த வகுப்பில் விடை சொல்வதற்காக அல்லாமல் வேறெதற்கோ ஒரு கை உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

"அப்போ பதினெட்டு எந்தக் கணக்குக்கு டீச்சர்?"

"என்னடா இது? தினமும் நீதானே முதல் ஆளாக் கத்துவே?"

"விடை தெரியும் டீச்சர்" என்றான் அவன், உண்மையான குழப்பத்தோடு. "கேள்விதான் தெரியாது."

வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. ஒருவருக்கும் தெரியாது.

வாசலில் ஊசி தன் முதலாளியைப் பார்த்தாள். அவர் முழு விழிப்போடு நின்றிருந்தார். உள்ளே மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அண்ணி இன்னொரு சாக்பீஸை எடுத்து, ஜன்னல் வரைந்த தொட்டிக்குப் பக்கத்தில், காலியாக, இன்னொரு தொட்டி வரைய ஆரம்பித்தாள்.